கடற்படையில் பிள்ளை, கரையில் பெற்றோர்: கைகொடுக்கும் சேவைகள் எவை?

அமெரிக்கக் கடற்படையில் பிள்ளை சேர்ந்துவிட்டால் பெற்றோரும் கடற்படைக் குடும்பம்தான். விழா மேடையில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் படையின் ஆவணங்களில் அவர்கள் 'டிபென்டன்ட்' இல்லை. மாலுமியின் மனைவிக்கும் குழந்தைக்கும் ராணுவ அடையாள அட்டை, டிரைகேர் மருத்துவக் காப்பீடு, தளத்துக்குள் போய்வரும் உரிமை எல்லாம் உண்டு. பெற்றோருக்கு இவற்றில் ஒன்றும் தானாக வராது. பெற்றோரின் செலவில் பாதிக்கு மேல் பிள்ளையின் பணத்தில்தான் நடக்கிறது என்று கணக்கு வழக்கோடு காட்டி, சார்ந்தவர் என்ற அங்கீகாரம் வாங்கினால்தான் நிலைமை மாறும். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பெற்றோருக்கு அது பெரும்பாலும் பொருந்தாது.

'கடற்படைக் குடும்பங்களுக்கான சேவை' என்று பெயர் தாங்கிய பலவற்றின் வாசலில் பெற்றோர் திகைத்து நிற்பது இதனால்தான். எது பெற்றோருக்கு நேரடியாகத் திறக்கிறது, எதற்குப் பிள்ளை முன்கூட்டியே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், எதில் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது என்ற கோணத்தில் இந்தச் சேவைகளை மதிப்பிட்டிருக்கிறோம். தபால் பார்சலுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம். பெற்றோருக்கு முழுமையாகப் பயன்படுபவை அவை இரண்டும்தான்.

பூட் கேம்ப் தபால்

புதிதாகச் சேர்பவர்களுக்கான அடிப்படைப் பயிற்சி முகாம்தான் பூட் கேம்ப். கடற்படைக்கு இன்று அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள கிரேட் லேக்ஸ். சான் டியேகோவிலும் ஆர்லாண்டோவிலும் இருந்த பயிற்சி மையங்கள் 1990-களில் மூடப்பட்டன. பயிற்சிக் காலம் 2022-ல் 10 வாரமாக நீண்டது. 2025 தொடக்கத்தில் 9 வாரமாகக் குறைந்தது. பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு நாள் எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த இரவு ஒரு போன் வரும். வந்து சேர்ந்துவிட்டேன், நலமாக இருக்கிறேன் என்ற அளவோடு அது முடிந்துவிடும். குரல் இறுகியிருக்கும், கேள்வி கேட்க நேரம் இருக்காது. எல்லாப் பிள்ளைகளும் பேசுவது அதே வாசகங்களைத்தான், அதனால் அந்தக் குரலை வைத்து எதையும் கணிக்க வேண்டாம். அதன்பின் பயிற்சியாளர்கள் அனுமதிக்கும் நாளில்தான் போன். நடுவில் உள்ள வாரங்களுக்கு மிஞ்சுவது கடிதம் மட்டுமே.

முகவரி தெரியவே சில நாள் ஆகும். பிள்ளையிடமிருந்து வரும் முதல் அச்சுக் கடிதத்தில் 'ஷிப்' எண்ணும் 'டிவிஷன்' எண்ணும் இருக்கும். ஷிப் என்பது அங்கே விடுதிக் கட்டடம், டிவிஷன் என்பது உடன் பயிலும் குழு. இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் கடிதம் சுற்றிக்கொண்டிருக்கும். உறையில் முழுப் பெயர், ஷிப் எண், டிவிஷன் எண் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். உறை வெள்ளையாக, ஒட்டுப்படம் எதுவும் இல்லாமல் இருக்கட்டும். தின்பண்டம், இனிப்பு எதையும் வைக்காதீர்கள். பயிற்சி முடியும்வரை பார்சலுக்கே இடமில்லை. மீறி அனுப்பினால் சங்கடம் பிள்ளைக்குத்தான்.

ஒவ்வொரு கடிதத்தின் மேல் ஓரத்திலும் தேதியோடு வரிசை எண்ணும் போடுங்கள். கடிதங்கள் அனுப்பிய வரிசையில் போய்ச் சேராது, நான்கு ஒரே நாளில் கிடைக்கும். 'நேற்று சொன்ன விஷயம் சரியாகிவிட்டது' என்ற கடிதம் முதலில் வந்து, என்ன விஷயம் என்று சொன்ன கடிதம் மூன்று நாள் கழித்து வந்தால் அங்கே ஒரு பிள்ளை தூங்காமல் கிடக்கும். எண் இருந்தால் இன்னும் ஒன்று வர வேண்டியிருக்கிறது என்றாவது தெரியும். கப்பலில் போன பிறகும் இதே முறை உதவும்.

இந்தத் தபால் சேவை மெதுவானது. ஆனாலும் நம்பலாம். அங்கே பிள்ளை மறுபடி மறுபடி எடுத்துப் படிக்க முடிவது கைப்பட எழுதிய காகிதம்தான்.

பட்டமளிப்பு அணிவகுப்பு

இதற்கு 'பாஸ் இன் ரிவியூ' என்று பெயர், பெற்றோர் வட்டாரத்தில் பி.ஐ.ஆர். அதற்கு முன் 'பேட்டில் ஸ்டேஷன்ஸ்' என்ற இரவு முழுக்க நீளும் இறுதிச் சோதனை உண்டு. போர்க்கப்பலைப் போலவே கட்டப்பட்ட 'யு.எஸ்.எஸ். ட்ரேயர்' என்ற மாதிரிக் கப்பலுக்குள் தீ, வெள்ளம், காயம்பட்டவர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். விடியும்போது 'ரிக்ரூட்' என்று எழுதிய தொப்பியைக் கழற்றிவிட்டு 'நேவி' என்று எழுதியதைக் கொடுப்பார்கள். அதன்பின் வரும் போன்தான் வீடு அதிரும் போன்.

விருந்தினர் பட்டியலைக் கொடுப்பது பிள்ளையின் வேலை. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் தாயாக இருந்தாலும் வாசலைத் தாண்ட முடியாது. பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதி முதல் கடிதத்திலேயே அனுப்பிவிடுங்கள். நம் வீடுகளில் அடிக்கடி நேரும் குளறுபடி இங்கேதான். அட்டையில் தந்தை பெயர் கடைசியில் இருக்கும், பிள்ளை முன்னெழுத்தை மட்டும் எழுதியிருக்கும், இரண்டும் பொருந்தாமல் போகும். ஓட்டுநர் உரிமம் 'ரியல் ஐடி' என்ற மத்திய அரசின் அடையாள அட்டைத் தரத்தில் இருக்கிறதா, வலது மேல் மூலையில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள். ஊரிலிருந்து விசாவில் வந்திருக்கும் தாத்தா பாட்டியை அழைத்துப்போக நினைத்தால், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கான அனுமதி முறையைப் பல வாரங்களுக்கு முன்பே விசாரியுங்கள். வாசலில் போய்க் கெஞ்சி நடக்கும் காரியம் இல்லை.

விமான டிக்கெட்டை மாற்றத்தக்கதாகவே வாங்குங்கள். ஓட்டம், பிளாங்க், நீச்சல், உடைச் சோதனை என ஏதாவது ஒன்றில் தவறினாலோ, காய்ச்சலில் படுத்தாலோ பிள்ளையைப் பின்னால் வரும் டிவிஷனுக்கு மாற்றுவார்கள். அணிவகுப்புத் தேதியும் கூடவே தள்ளிப்போகும். நீச்சல் தெரியாமல் போகும் பிள்ளைகளுக்கு இது அதிகம் நேர்கிறது. உயரமான மேடையிலிருந்து ஆழ நீரில் குதித்து, 50 கெஜம் நீந்தி, 5 நிமிடம் குப்புற மிதக்க வேண்டும். சேருவதற்கு முன் இரண்டு மாதம் நீச்சல் குளத்துக்கு அனுப்புவதைவிடப் பெரிய உதவி பெற்றோர் கையில் இல்லை.

இடம் பற்றிச் சுருக்கமாக: ஓஹேர், மில்வாக்கி இரண்டு விமான நிலையங்களும் வசதி. சிகாகோவிலிருந்து மெட்ரா ரயில் கிரேட் லேக்ஸ் நிலையத்திலேயே நிற்கிறது. போக முடியாதவர்களுக்கு அணிவகுப்பை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். அது இலவசம். 'நேரலை பார்க்கக் கடன் அட்டை எண் கொடுங்கள்' என்று கேட்கும் எந்த இணைப்பும் மோசடி.

எஃப்.பி.ஓ. பார்சல்

பெற்றோருக்கு முழு உரிமையோடு திறந்திருக்கும் சேவை அமெரிக்க அஞ்சல் துறையின் ராணுவத் தபால். அடையாள அட்டை வேண்டாம், பிள்ளையின் அனுமதித் தாள் வேண்டாம். கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் உள்நாட்டுக் கட்டணம்தான். கடற்படைக் கப்பல்களுக்கான ராணுவ அஞ்சலகத்தை எஃப்.பி.ஓ. (ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ்) என்பார்கள். அதன் முகவரியில் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.பி.ஓ.' என்றும், மாநிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஏ.ஈ., ஏ.பி., ஏ.ஏ. ஆகியவற்றில் ஒன்றும் வரும். ஏ.ஈ. ஐரோப்பாவும் மத்தியக் கிழக்கும், ஏ.பி. பசிபிக், ஏ.ஏ. கனடா நீங்கலாக அமெரிக்கக் கண்டத்தின் மற்றப் பகுதிகள். ஜிப் எண் ஏ.ஈ.-க்கு 09 என்றும், ஏ.ஏ.-க்கு 340 என்றும், ஏ.பி.-க்கு 962 முதல் 966 வரையிலும் தொடங்கும். எண்ணும் எழுத்தும் பொருந்தவில்லை என்றால் எங்கோ தவறாக எழுதியிருக்கிறீர்கள்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, நல்லெண்ணத்தில் நாட்டின் பெயரையும் சேர்த்து எழுதுவது. கப்பல் யோகோசூகாவில் இருக்கிறது என்பதற்காக முகவரியில் 'ஜப்பான்' என்று எழுதினால், பெட்டி ராணுவத் தபாலை விட்டு விலகி ஜப்பானின் பொதுத் தபாலில் போய் விழக்கூடும். பெயர், கப்பல், எஃப்.பி.ஓ., இரண்டெழுத்து, ஜிப் எண், அவ்வளவு போதும். தனியார் கூரியர்களின் வழக்கமான சேவை எஃப்.பி.ஓ.-வுக்குப் போகாது. இணையக் கடையிலிருந்து நேரே அனுப்புவதாக இருந்தால் ஊர் கட்டத்தில் எஃப்.பி.ஓ. என்று போட்டு, அந்தக் கடை அஞ்சல் துறை வழியாக அனுப்புகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எஃப்.பி.ஓ.-வுக்கென்றே பெரிய ஃப்ளாட் ரேட் பெட்டி ஒன்று தருகிறார்கள். நீள அகலம் 12 அங்குலம், உயரம் 5.5 அங்குலம். 70 பவுண்டு வரை எவ்வளவு கனத்தாலும் ஒரே கட்டணம். அதே அளவு உள்நாட்டுப் பெட்டியைவிடக் கொஞ்சம் குறைவு. பெட்டி, ஒட்டும் டேப், லேபிள், கஸ்டம்ஸ் தாள் வைக்கும் உறை எல்லாம் சேர்ந்த 'மிலிட்டரி கேர் கிட்' இலவசம். இணையத்தில் கேட்டால் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். அஞ்சல் துறையின் சேவைகளில் இந்தக் கிட் நிஜமாகவே பாராட்டுக்குரியது.

ஆனால் எல்லாவற்றையும் ஃப்ளாட் ரேட்டில் அனுப்புவது நஷ்டம். அந்தப் பெட்டி கனமான பொருளுக்குத்தான் லாபம்: புத்தகம், காபித்தூள், டின் உணவு, சோப்பு, வேர்க்கடலை. முறுக்கும் தட்டையும் பெட்டியை அடைத்துக்கொள்ளும், எடை வராது. அவற்றுக்குச் சொந்தப் பெட்டியில் எடைக் கணக்கில் 'பிரையாரிட்டி மெயில்' என்ற விரைவுத் தபாலில் போட்டால் பெரும்பாலும் குறைவாகவே வரும். வீட்டிலேயே எடை போட்டு, அஞ்சல் துறையின் இணையக் கணிப்பானில் இரண்டு விலையையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 'கிரவுண்ட் அட்வான்டேஜ்' என்ற மெதுவான தபால் இன்னும் மலிவு. ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். காலுறையும் துண்டும் அனுப்ப அது போதும், பலகாரத்துக்கு வேண்டாம்.

அடுக்கும் முறையில் சில விஷயங்கள் பழகப் பழகத்தான் தெரியும். முறுக்கை உயரமான வட்ட டின்னில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மிஞ்சும் இடத்தைக் காகிதத்தால் இறுக்கமாக அடைக்க வேண்டும். உள்ளே அசைவு இருந்தால் போய்ச் சேர்வது முறுக்குத் தூள்தான். எண்ணெய்ப் பலகாரத்தை நன்றாக ஆறவிட்டு ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, அதை இன்னொரு பைக்குள் வையுங்கள். சூடாக மூடினால் உள்ளே வியர்த்து நமத்துவிடும். சோப்பையும் சலவைத் தூளையும் உணவோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. எத்தனை பை போட்டுச் சுற்றினாலும் மூன்று வாரத்தில் தட்டை சோப்பு மணக்கும். ஊறுகாய் கண்ணாடி பாட்டிலில் போனால் உடையும், பிளாஸ்டிக் டப்பாவில் போனால் மூடி வழியே எண்ணெய் கசியும். பருப்புப்பொடி, எள்ளுப்பொடி என உலர்ந்ததாகப் பாருங்கள். சாக்லேட் வெயில் காலத்தில் உருகிவிடும், நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் சரி.

பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு சீட்டில் இரண்டு முகவரியையும் எழுதி உள்ளே மேலாக வையுங்கள். வெளி லேபிள் கிழிந்துபோனாலும் திறந்து பார்ப்பவருக்கு வழி தெரியும். பொம்மையிலோ விளக்கிலோ பேட்டரி இருந்தால் கழற்றிவிடுங்கள். ஃப்ளாட் ரேட் பெட்டியின் மூடி அதன் சொந்த மடிப்பில் மூட வேண்டும். பிதுங்கும் பெட்டியை டேப் சுற்றிப் பெரிதாக்கினால் கவுன்டரில் அந்தக் கட்டணத்துக்கு ஏற்க மாட்டார்கள்.

கஸ்டம்ஸ் தாள் பலரையும் மிரட்டுகிறது, அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. இணையத்தில் லேபிள் அச்சிட்டால் தாளும் அதோடு வந்துவிடும். கவுன்டரில் போடுவதாக இருந்தால் பி.எஸ். ஃபாரம் 2976-ஆர் வாங்கி நிரப்புங்கள். உள்ளே இருப்பதைப் பொருள்வாரியாக எழுத வேண்டும். 'பரிசுப் பொருள்' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் தடங்கல். 'பருத்திக் காலுறை 6 ஜோடி, பிஸ்கெட் 4 பாக்கெட், புத்தகம் 2' என்று எண்ணிக்கை, எடை, மதிப்போடு ஆங்கிலத்தில் எழுதுங்கள். பெட்டி சேராவிட்டால் திருப்பி அனுப்புவதா, அப்படியே விட்டுவிடுவதா என்றும் ஒரு கட்டம் இருக்கும். திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

தடைப் பட்டியல் ஜிப் எண்ணுக்கு எண் மாறும். மது, சிகரெட், வாசனைத் திரவியம், ஏரோசால் டப்பா பொதுவாகவே சிக்கல். மத்தியக் கிழக்குக்குப் போகும் சில எண்களில் பன்றி இறைச்சி சேர்ந்த பொருளும் தடை. அஞ்சல் துறையின் தளத்தில் அந்த ஜிப் எண்ணைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும், ஒவ்வொரு முறையும் பாருங்கள். நீர்மூழ்கியில் பிள்ளை இருந்தால் ஏரோசால் அறவே கிடையாது: மூடிய காற்றையே எல்லோரும் சுவாசிக்கும் இடம் அது.

இந்தச் சேவையின் குறை, பெட்டியைப் பின்தொடரும் வசதி பாதி வழியில் மௌனமாகிவிடுவது. ராணுவத் தபால் பிரிக்கும் மையம்வரை விவரம் ஓடும், பிறகு நாள்கணக்கில் ஒன்றும் வராது. காணாமல் போய்விட்டது என்று பதற வேண்டாம். பெட்டி விமானத்தில் ஏதோ ஒரு துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து சரக்குக் கப்பலிலோ விமானத்திலோ நடுக்கடலுக்குப் போக வேண்டும். கப்பல் வழியை மாற்றினால் தபால் மூட்டையும் அதைத் துரத்திக்கொண்டு போகும். சில காலம் குறிப்பிட்ட கப்பலுக்கான தபாலையே நிறுத்திவைப்பதும் உண்டு. கிறிஸ்துமஸுக்குச் சேர வேண்டிய பெட்டிக்கு அஞ்சல் துறை ஆண்டுதோறும் கடைசித் தேதிப் பட்டியல் வெளியிடுகிறது. அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்பாகவே போட்டுவிடுங்கள். தீபாவளிக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை, ஆறு வாரம் முன்பே அனுப்பினால்தான் நிம்மதி.

ஓம்பட்ஸ்மன்

ஒவ்வொரு கப்பலுக்கும் பிரிவுக்கும் ஓம்பட்ஸ்மன் என்று ஒருவர் உண்டு. கமாண்டிங் ஆபீஸர், அதாவது அந்தக் கப்பலின் அல்லது பிரிவின் தலைமை அதிகாரி, நியமிக்கும் தன்னார்வலர். பெரும்பாலும் அந்தக் கப்பலிலேயே பணிபுரியும் ஒருவரின் மனைவி அல்லது கணவர். 1970-ல் அப்போதைய கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் எல்மோ ஜும்வால்ட் தொடங்கிய ஏற்பாடு இது. கப்பலுக்கும் குடும்பங்களுக்கும் நடுவில் அதிகாரபூர்வமான பேச்சு வழி இவர்தான். எந்த மாதத்தில் குடும்பச் செய்திமடல் வரும், பார்சல் நிறுத்தப்பட்டிருக்கிறதா, கப்பல் திரும்பும் நாளில் எந்த வாசலுக்கு வர வேண்டும் என்பதெல்லாம் இவர் வழியாகத்தான் வரும்.

பெற்றோரில் பலர் ஏமாந்துபோகும் இடமும் இதுதான். பிள்ளை தன் தொடர்புப் பட்டியலில் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதிக் கொடுத்திருந்தால்தான் அவர் உங்களுக்குத் தகவல் அனுப்ப முடியும். மணமாகாத பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு தாள் இருப்பதே நினைவில் இருக்காது. புதிய கப்பலில் சேர்ந்த முதல் வாரமே கேளுங்கள்: 'ஓம்பட்ஸ்மன் படிவத்தில் அம்மா, அப்பா இரண்டு பேர் மின்னஞ்சலையும் போட்டாயா?' கூடவே அவசரத் தொடர்புப் பதிவையும் கேளுங்கள். பெரிதாக ஏதாவது நேர்ந்தால் கடற்படை யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பதிவுதான். வீடு மாறினால், போன் எண் மாறினால், பிள்ளைக்குத் திருமணம் ஆனால் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

இவரிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கப்பல் இப்போது எங்கே, எப்போது கரை சேரும் என்று கேட்டால் பதில் வராது, கேட்பதும் முறை இல்லை. 'என் பிள்ளை ஏன் போன் பண்ணவில்லை' என்பதற்கு அவர் விசாரணை அதிகாரி இல்லை. ஆனால் பிள்ளை தற்கொலை பற்றிப் பேசுகிறது, வீட்டில் அடிதடி நடக்கிறது என்பது போன்ற செய்தி காதில் விழுந்தால் அதை மேலே சொல்ல வேண்டிய கடமை அவருக்கு உண்டு, ரகசியமாக வைத்துக்கொள்ள மாட்டார். எங்கள் கணிப்பில் நல்ல ஓம்பட்ஸ்மன் கிடைத்தால் பெற்றோரின் பாரத்தில் பாதி இறங்கும். ஆனால் தரம் ஆளுக்கு ஆள் மாறும். சம்பளம் இல்லாத வேலை, அவருடைய துணையும் அதே கப்பலில்தான் இருக்கிறார் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் அவசரச் செய்தி

வீட்டில் மரணம், உயிருக்கு ஆபத்தான நோய், குழந்தைப் பிறப்பு என்றால் கப்பலில் உள்ள பிள்ளைக்குச் செய்தி சொல்ல அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் 'ஹீரோ கேர்' மையம் இருக்கிறது. எண் 1-877-272-7337. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், இணையத்திலும் 'ஹீரோ கேர்' செயலியிலும் பதியலாம். கட்டணம் இல்லை. பெற்றோர் நேரே அழைக்கலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். பிள்ளைக்கு நீங்களே மின்னஞ்சலில் சொல்லிவிட்டாலும் இந்த அழைப்பைச் செய்யுங்கள். விடுப்புக் கொடுக்கும் அதிகாரிக்குச் சரிபார்க்கப்பட்ட தகவல் வேண்டும். 'அம்மா மெயில் போட்டிருக்கிறார்' என்பதை மட்டும் வைத்து நடுக்கடலிலிருந்து ஆளை அனுப்ப மாட்டார்.

அழைக்கும்போது கேட்பவை: பிள்ளையின் முழுச் சட்டப் பெயர், பிறந்த தேதி, பதவி நிலை, எந்தப் படை (கடற்படை) என்பது, கப்பல் அல்லது பிரிவின் பெயரும் முகவரியும், முடிந்தால் சமூகப் பாதுகாப்பு எண். பிறகு நோயாளியின் பெயர், உறவு, மருத்துவமனை, மருத்துவரின் பெயர், அங்கே பேசக்கூடிய தொலைபேசி எண். மரணம் என்றால் இறுதிச்சடங்கு நிலையத்தின் எண். இவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். அந்த நேரத்தில் பிள்ளையின் பிறந்த வருடம்கூட நாக்கில் வராது.

செஞ்சிலுவை மருத்துவமனையைத் தொடர்புகொண்டு செய்தி உண்மை என்று உறுதிசெய்த பிறகுதான் கப்பலுக்கு அனுப்பும். தாமதம் ஆவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மருத்துவமனையில் நோயாளியின் விவரத்தைச் சொல்ல மறுப்பார்கள். ஆகவே அழைப்பதற்கு முன்பே வார்டு நர்ஸிடமோ மருத்துவரிடமோ 'செஞ்சிலுவையிலிருந்து அழைப்பு வரும், விவரம் சொல்லச் சம்மதம்' என்று கூறிவிடுங்கள். நோயாளி ஊரில், மதுரையிலோ கோவையிலோ மருத்துவமனையில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வரவேற்பு மேசை எண் உதவாது. ஆங்கிலத்தில் நோயின் நிலையைச் சொல்லக்கூடிய மருத்துவரின் நேரடி எண்ணையும், அவர் அங்கே இருக்கும் நேரத்தை அமெரிக்க நேரக் கணக்கிலும் கொடுங்கள்.

விடுப்பு கொடுப்பது கமாண்டிங் ஆபீஸர், செஞ்சிலுவை இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி, மக்கள் என்றால் வழி எளிது. பாட்டி, தாத்தா பற்றிய செய்தியையும் எடுத்துச் சொல்வார்கள், ஆனால் விடுப்பு அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. பாட்டிதான் பெற்றோர் இடத்தில் இருந்து வளர்த்தவர் என்றால் அதைச் செய்தியிலேயே அழுத்திச் சொல்லுங்கள்; அந்த ஒரு வரி முடிவை மாற்றக்கூடியது. அவசர விடுப்பு என்றாலும் பிள்ளையின் சேமிப்பு விடுப்பிலிருந்துதான் கழியும். விமானச் செலவுக்குப் பணம் இல்லையென்றால் 1904-ல் தொடங்கிய நேவி-மரைன் கோர் ரிலீஃப் சொஸைட்டி என்ற உதவி அமைப்பு வட்டியில்லாமல் கடன் தரும். விண்ணப்பிக்க வேண்டியது பிள்ளை. கடன் அட்டையைத் தேய்ப்பதற்கு முன் அங்கே கேட்கச் சொல்லுங்கள்.

மற்றவை

ஃப்ளீட் அண்ட் ஃபேமிலி சப்போர்ட் சென்டர் என்ற குடும்ப உதவி மையம் தளத்துக்குத் தளம் இருக்கிறது. மாலுமிக்கும் மனைவி மக்களுக்கும் அருமையான இடம், தொலைவில் வசிக்கும் பெற்றோருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. 1942-ல் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் தொடங்கிய ப்ளூ ஸ்டார் மதர்ஸ் அமைப்பு இதற்கு நேர்மாறு, தாய்மாருக்கென்றே உள்ளது. உள்ளூர்க் கிளை உயிரோட்டமாக இருந்தால் மாதக் கூட்டம், கூட்டாகப் பார்சல் கட்டுதல், அழுதால் கேட்க ஆள் என எல்லாம் கிடைக்கும். கிளை சோர்ந்திருந்தால் ஆண்டுக்கொரு அணிவகுப்போடு சரி. சேர்வதற்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள்.

பிள்ளையின் மனநிலை பற்றிப் பயம் வந்தால் மனநெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். மாலுமி மட்டுமல்ல, அவருக்காகக் கவலைப்படும் பெற்றோரும் அழைக்கலாம். தயங்கவே வேண்டாம்.

திடீரென்று கப்பலிலிருந்து எந்தச் செய்தியும் வராமல் போகும் நாள்கள் உண்டு. மின்னஞ்சல், போன் எல்லாம் ஒரேயடியாக நிற்கும். மாலுமிகள் இதை 'ரிவர் சிட்டி' என்பார்கள். ஏதோ ஒரு நடவடிக்கைக்காகவும் இருக்கலாம், கப்பலில் யாருக்கோ விபத்து நேர்ந்து அவர் குடும்பத்துக்கு முதலில் முறைப்படி தெரிவிக்க வேண்டும் என்பதாலும் இருக்கலாம். அந்த நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் ஊகங்களைப் பரப்புவது இன்னொரு தாயின் நெஞ்சில் நெருப்பை வைப்பது. கப்பல் எங்கே, எந்தத் துறைமுகம், எந்தத் தேதி என்பதை எப்போதுமே இணையத்தில் எழுதாதீர்கள். 'இன்னும் 12 நாளில் வருகிறான்' என்று போடும் பதிவும் தேதியைச் சொல்வதுதான். 'விடுப்புக்குப் பணம் கட்ட வேண்டும்' என்று அதிகாரி பெயரில் யாராவது கேட்டால் உடனே துண்டியுங்கள். கடற்படையில் விடுப்புக்குக் கட்டணமே கிடையாது.

டைகர் குரூஸ்

மனைவிக்குக்கூட வழக்கமாக இடமில்லாத, பெற்றோருக்குத் திறந்திருக்கும் ஓர் அபூர்வ வாய்ப்பு இது. நீண்ட பயணம் முடிந்து கப்பல் திரும்பும்போது, கடைசிக் கட்டத்தில், உதாரணமாகப் பேர்ல் ஹார்பரிலிருந்து சான் டியேகோவரை, மாலுமியின் தாய், தந்தை, உடன்பிறந்தோரை ஏற்றிக்கொள்வார்கள். எல்லாப் பயணத்திலும் நடக்காது, கமாண்டிங் ஆபீஸர் முடிவு. அழைப்பது பிள்ளைதான், ஏறும் துறைமுகம்வரை போகும் செலவும் கப்பலில் சாப்பாட்டுச் செலவும் நம் கையிலிருந்து.

வாய்ப்பு வந்தால் விடாதீர்கள், உடம்பையும் கொஞ்சம் தயார் செய்துகொள்ளுங்கள். ஏணிகள் செங்குத்தானவை, ஒரு நாளைக்குப் பல முறை ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. முன்பக்கம் மூடிய, வழுக்காத ஷூ கட்டாயம். புடவையும் வேட்டியும் ஏணியில் சிக்கும், பேன்ட் போதும். சக்கரப் பெட்டி வேண்டாம். படுக்கையடியில் மடங்கும் துணிப் பைதான் அங்கே வைக்க முடியும். அன்றாட மாத்திரைகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கப்பல் சொன்ன நாளில் கரை சேரும் என்று உறுதியில்லை. தூங்கும் இடத்தில் இரவில் சிவப்பு விளக்குதான் எரியும். மூன்றடுக்குப் படுக்கையில் மேலடுக்கு கிடைத்தால் பிள்ளையிடம் சொல்லிக் கீழடுக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.